மச்சான் கடைக் காற்று

இனி உயிரே போனாலும் மச்சான் கடைக் காற்று தன் வீட்டு டயருக்குள் நுழையக் கூடாது என்று குவோ-துங் முடிவு கட்டிவிட்டார். உயிர் போகவில்லை. மானம்தான் தினமும் காலை ஆறரை மணிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் அவர் மனைவி பீ-ஷியா இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு நடந்து போவாள். நாலு வாரமாக நடக்கிறாள். அவளுடைய சைக்கிளோ முன்சக்கரம் இல்லாமல் வாசலில் மூக்கறுந்து நிற்கிறது.

மூக்கை அறுத்தது யார்? சாட்சாத் குவோ-துங்தான். சைக்கிள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. "ட்யூப் இல்லாத டயர் போட்டுத் தர்றேன், ஆணி குத்தினாலும் பஞ்சர் ஆகாது" என்று வலியப் போய் இவர்தான் மாற்றினார். பின்சக்கரம் ஏதோ அதிர்ஷ்டத்தில் கைப்பம்புக்கே உட்கார்ந்துவிட்டது. முன்சக்கரம் மசியவில்லை. டயரின் ஓரம் ரிம்மில் ஒட்டி உட்கார வேண்டுமானால் ஒரே மூச்சில் குபுக்கென்று காற்று பாய வேண்டும். இவர் அடித்த காற்று போன வழியே திரும்பி வந்தது. இத்தனைக்கும் மனிதர் தைச்சுங் நகரத்து ரிம் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பார்க்கிறவர். அந்த ரிம்மிலேயே அவர் முத்திரை இருக்கிறது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

"எங்கண்ணன் கடை ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு," என்றாள் பீ-ஷியா. "பெரிய கம்ப்ரஸர் வச்சிருக்கான்."

"ஸ்கூட்டர் ரிப்பேர் பண்றவன்கிட்ட சைக்கிளைக் கொடுக்கறதா?"

"இதையேதான் புத்தாண்டு ரெண்டாம் நாள் எங்கம்மா வீட்டு விருந்துலயும் சொன்னீங்க. அவன் முகத்துக்கு நேரா. அன்னிலேர்ந்து அவன் நம்ம வீட்டுப் படி ஏறலை."

குவோ-துங்குக்குக் காது மடல் சுட்டது. அன்று நாலு கோப்பை உள்ளே போயிருந்தது. மச்சான் ஆ-ஹுய் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனதை இப்போது நினைத்தாலும் இவருக்கு உடம்பு கூசுகிறது. தப்பு தன்மேல்தான் என்று தெரியும். தெரிந்துகொண்டு மன்னிப்புக் கேட்கப் போவதைவிட சொந்தமாக ஒரு கம்ப்ரஸர் வாங்கிவிடுவது சுலபமாகத் தோன்றியது. நம் ஆட்கள் எல்லோருமே இப்படித்தானே!

மூன்று வாரம் தேடினார். ஒரு நோட்டு போட்டார். தொட்டி எத்தனை லிட்டர், எவ்வளவு சத்தம், எவ்வளவு கனம் என்று கட்டம் கட்டமாக எழுதினார்.

"என்னைப் பார்க்க வந்தப்போ அரைமணி நேரந்தான் பார்த்தீங்க," என்றாள் பீ-ஷியா, கீரையை ஆய்ந்துகொண்டே. "சரி, எது நல்லது?"

"இருபத்தினாலு லிட்டர்தான் நல்லது."

"அதையே வாங்குங்களேன்."

"சத்தம் போடும். இந்தக் கட்டடமே எழுந்து உட்கார்ந்துடும்."

"அப்போ அந்த ஆறு லிட்டர்?"

"சத்தமே போடாது."

"வேலை செய்யுமா?"

"சத்தம் போடாதுன்னு சொன்னேனே."

"நான் கேட்டது அது இல்லீங்க."

"சத்தமில்லாம வேலை செய்யறதுதான் தரம். உனக்கு அதெல்லாம் புரியாது."

"இருபது வருஷமா இந்த வீட்ல நான் அதைத்தான் செய்யறேன். எனக்கு யாரும் முத்திரை குத்தலையே."

ஆறு லிட்டர் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. குவோ-துங் அதோடு குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவினார். வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றினார். கம்ப்ரஸர் பூனை மாதிரி முனகியது. உண்மையிலேயே சத்தமில்லை. காற்றும் இல்லை. அழுத்தம் என்னவோ இருந்தது. இரண்டு நொடியில் தொட்டி காலி. ஆறு லிட்டர் காற்று இந்த டயருக்கு எந்த மூலைக்கு?

ஐந்தாவது முறை ரோஷம் வந்து, ஓட்டையை அடைக்கும் வெள்ளைப் பாலை முன்கூட்டியே டயருக்குள் ஊற்றிவிட்டு விசையை அழுத்தினார். உட்காராத டயரில் அதை ஊற்றக் கூடாது என்று அவரே தொழிற்சாலையில் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறார். பால் நாலு பக்கமும் பீறிட்டது. கண்ணாடி, கூரை, துண்டு, மூக்கு என்று ஒன்று பாக்கியில்லை.

கதவு தட்டப்பட்டது. "என்னங்க, உட்கார்ந்துச்சா?"

"நான் உட்கார்ந்திருக்கேன்," என்றார் குவோ-துங்.

கதவு இடுக்கு வழியாக ஒரு பழைய துணி உள்ளே வந்தது. அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலை. சிரிக்கவில்லை. அந்தத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டபோதுதான் அவருக்கு அழுகை மாதிரி ஒன்று வந்தது. நாலு வாரமாக ஒருத்தி பை சுமந்து நடக்கிறாள், எதற்காக? தன் வீம்புக்காக.

மறுநாள் அவள் சந்தைக்குப் போனதும், சக்கரத்தைக் குப்பைப் பையில் சுற்றி மறைத்துக்கொண்டு, ஒரு பெட்டி பலகாரத்தோடு ஆ-ஹுய் கடை வாசலில் போய் நின்றார்.

"மச்சான், அன்னிக்கு நான் பேசினது தப்பு. குடிச்சிருந்தேன்னு சொல்லித் தப்பிக்க மாட்டேன். குடிக்காதப்பவும் மனசுக்குள்ள அப்படித்தான் நெனச்சிருந்தேன். அதான் எனக்கே அசிங்கமா இருக்கு."

ஆ-ஹுய் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு பையைப் பிரித்து, சக்கரத்தை எடுத்து, குழாயை வைத்தார். டப், டப். டயர் உட்கார்ந்துவிட்டது. ஐந்து நொடிகூட ஆகவில்லை.

"போன தடவையும் இப்படித்தான், சட்டுனு உட்கார்ந்துச்சு," என்றார்.

"எந்தத் தடவை?"

"மூணு வாரம் முன்னாடி பீ-ஷியா கொண்டாந்தாளே மாப்பிள்ளை. நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. உட்கார வச்சுக் கொடுத்தேன். பார்த்துட்டு, 'நல்லா இருக்கு அண்ணே, மறுபடியும் கழட்டிக் கொடு, அவர் வாயால கேட்கட்டும்'னுட்டா."

குவோ-துங் அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்போ நாலு வாரமா நடக்கறாளே?"

"நடை அவளுக்கு ஒத்துப்போகுதாம். மூணு கிலோ குறைஞ்சிருக்கா. நீங்க கவனிக்கலையா?"

தரம் பார்க்கிறவர் கவனிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஆ-ஹுய் நீட்டிய தேநீரைக் குடித்தார். ஆனாலும் மார்பிலிருந்த பாரம் இறங்கியிருந்தது. அவமானம் ஒரே தவணையில் தீர்ந்ததே, அதுவரைக்கும் லாபம் என்று அவர் எழுந்தபோது பாக்கெட்டில் போன் அடித்தது. பீ-ஷியாதான்.

"அண்ணன்கிட்ட கேட்டாச்சா?"

"கேட்டாச்சு."

"சந்தோஷம். அதே விருந்துல எங்கம்மா செஞ்ச முள்ளங்கிப் பணியாரத்தைப் பத்தி என்ன சொன்னீங்கன்னு யோசிச்சுக்கிட்டே வீட்டுக்கு வாங்க. பின்சக்கரத்து டயரையும் மிதிச்சு ரிம்லேர்ந்து கழட்டி வச்சிருக்கேன்."