ஆமையம்மாவின் நாற்பத்தெட்டுப் பிள்ளைகள்

ஒரு காட்டில் என்று ஆரம்பிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அங்கே குடியிருக்கிறவர்களுக்கு அதைக் காடு என்று சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. சவுக்கும் தாழம்புதரும் மணலுமாகக் கிடந்த கடலோரக் காடுதான் அது. இப்போது வாசலில் கிரானைட்டில் பொறித்திருக்கிறார்கள்: 'முத்துமணல் விலாஸ். உறுப்பினர்களுக்கு மட்டும்.' சரி, நமக்கு எதற்கு வம்பு? அந்த முத்துமணல் விலாஸில் நரியும் கொக்கும் மயிலும் இன்னும் நாற்பத்து நாலு பெரிய மனிதர்களும், மன்னிக்கணும், பெரிய மிருகங்களும் சௌக்கியமாக வாழ்ந்துவந்தன.

சங்கத் தலைவர் நரி நல்லதம்பி. ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்தால் ஊர் வரலாற்றைச் சொல்லாமல் விடமாட்டார். "ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி நான் இங்கே வந்தப்போ ஈ காக்கை கிடையாது!" என்பார். காவலுக்கு நிற்கும் நண்டு சூசை அதைக் கேட்டுப் பலமாகக் கை தட்டும். சூசையின் தாத்தா வளை அந்த மேடைக்கு நேர் கீழேதான் இருந்தது. இருந்தால் என்ன? சீருடை கொடுத்தவர் பேசும்போது தட்டாமல் இருக்க முடியுமா?

நல்லதம்பி வந்த கதை வேறு. ஒரு நாள் கையில் குடையோடு வந்து மணலில் உட்கார்ந்தார். மறுநாள் குடையைச் சுற்றி வேலி. அடுத்த வாரம் வேலிக்கு வெளியே இன்னொரு குடை, அதற்கொரு வேலி. கேட்ட நண்டுகளிடம், "நிழலுக்குத்தாம்பா, சாயங்காலம் எடுத்துடுவேன்" என்றார். அந்தச் சாயங்காலம் இன்னும் வரவில்லை.

பிறகு வந்தவர்களும் சளைத்தவர்கள் இல்லை. மயில் மனோரஞ்சன் கடலுக்குப் போகும் பொதுப்பாதையின் மேலேயே மூன்று மாடி கட்டினார். இடிக்க ஆள் வந்த அன்று காலை வாசலில் ஒரு சின்னக் கோயில் முளைத்திருந்தது. வந்தவர்கள் சுண்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். செயலாளர் கொக்கு கோதண்டத்தின் பொறுப்பில் கிளப் குளத்தில் அறுநூறு அலங்கார மீன்கள் இருந்தன. ஆறே மாதத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. விசாரிக்க கமிஷன் போட்டார்கள். கமிஷனின் தலைவர் கோதண்டத்தின் மச்சான், அவரும் கொக்கு. 'மீன்கள் தம் சொந்த விருப்பத்தின் பேரில் குளத்தைவிட்டு வெளியேறின' என்று அறிக்கை வந்தது. எல்லோரும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த ஊருக்கு எருமை ஏகாம்பரம் ஒரு விண்ணப்பம் போட்டது. செங்கல் சூளையில் சம்பாதித்த எருமை. அதற்கும் ஒரு கடலோர பங்களா வேண்டுமாம்.

"ஐயையோ, அது சேத்தோட நீச்சல் குளத்துல இறங்குமே!" என்றது மயில்.

நல்லதம்பி உடனே பொதுக்குழுவைக் கூட்டி ஒரு விதி போட்டார்: 'இந்த மணலில் பிறந்தவர்கள் மட்டுமே இங்கே வசிக்கலாம்.' நாற்பத்தேழு பேரும் கை தூக்கினார்கள். தாசில்தார் யானையிடம் பதிவும் செய்துவிட்டார்கள். என்ன ஒரு புத்திசாலித்தனம்! கை தூக்கிய ஒருவருக்காவது தான் எங்கே பிறந்தோம் என்று ஞாபகம் வரவில்லை பாருங்கள்.

எருமைக்கு அந்த ஞாபகம் வந்தது. "சரிங்க, நான் இங்க பிறக்கலை. நீங்க யாரெல்லாம் பிறந்தீங்கன்னு காட்டுங்க" என்று தாசில்தாரிடம் ஒரு மனு கொடுத்தது. மறுநாளே விசாரணைக்கு வருவதாக யானை நோட்டீஸ் அனுப்பியது. பிறப்புச் சான்று இல்லாதவர்கள் காலி செய்ய வேண்டும் என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

முத்துமணல் விலாஸில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அன்றைக்குத்தான் கடல்பக்கக் கேட்டில் ஒரு ஆமை வந்து நின்றது. பெயர் ஆழியம்மா. வயிறு நிறைய முட்டை. பிறந்த மணலைத் தேடி வந்துதான் ஆமைகள் முட்டையிடும், வேறெங்கும் இடாது. ராத்திரியில் வந்தால் கிளப் விளக்கு கண்ணைக் குருடாக்குகிறது என்று பட்டப்பகலில் வந்திருந்தது. கடலோரம் நெடுகக் கல்சுவர். இருக்கிற ஒரே வழி சூசை நிற்கும் கேட்.

"அக்கா, பார்வையாளர் படிவம் நிரப்பணும்" என்றது சூசை. அதற்கே சொல்லக் கூச்சமாக இருந்தது. "யாரைப் பார்க்க வந்தீங்க?"

"யாரையும் இல்ல தம்பி. அஞ்சடி மணல் போதும். குழி தோண்டி முட்டையைப் போட்டு மூடிட்டுப் போயிடறேன். இன்னும் மூணு நாள்தான் தாங்கும்."

"அப்படி ஒரு கட்டம் படிவத்துல இல்லையேக்கா. முகவரி என்ன போடறது?"

"இங்கதான்டா பிறந்தேன்! அந்த மேடைக்குப் பக்கத்துல. உன் தாத்தா வளைக்கு நாலடி தள்ளி."

அந்தப் பக்கம் நடைப்பயிற்சிக்கு வந்த நல்லதம்பி அப்படியே நின்றுவிட்டார். காவல்கார நண்டைக் கணக்கில் எடுக்காவிட்டால், 'இங்கே பிறந்தேன்' என்று சொல்லக்கூடிய ஒரே ஜீவன் கேட்டில் நிற்கிறது. ஓடிப்போய் இரண்டு கையையும் கூப்பினார். "அம்மா! உங்களை எங்கெல்லாம் தேடறது!"

ஆழியம்மா திரும்பிப் பார்த்தது, பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களோ என்று.

விஷயம் இதுதான். 'இவர்கள் எல்லோரும் நான் இந்த மணலில் இட்ட முட்டையிலிருந்து வந்த என் பிள்ளைகள்' என்று ஆழியம்மா ஒரு தாளில் துடுப்பு ரேகை வைத்தால் போதும். நரியும் கொக்கும் மயிலும் இந்த மண்ணின் மைந்தர்கள் ஆகிவிடுவார்கள்.

"பொய்யில்லையா ஐயா?"

"பெத்தாத்தான் பிள்ளையா அம்மா? வெச்சுக் கொடுங்க, அப்புறம் மணல் பூரா உங்களுது."

வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் நியாயம் பேச எனக்கு வாய் வராது. ஆழியம்மா நாற்பத்தேழு தாளிலும் ரேகை வைத்தது.

தாசில்தார் யானை வந்து, தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, நரியையும் ஆமையையும் மாறி மாறிப் பார்த்தது.

"ஜாடை இல்லையே?"

"அப்பா ஜாடைங்க" என்றார் நல்லதம்பி.

யானை யோசித்தது. "விதியில 'மணலில் பிறந்தவர்'னுதான் இருக்கு. முதுகுல ஓடு இருக்கணும்னு இல்லை" என்று சொல்லி முத்திரை குத்தியது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எருமை ஒன்றும் மட்டி இல்லை. நேரே வந்து ஆழியம்மா முன்னால் தடாலென்று விழுந்தது. "அம்மா! நான்தான் உங்க கடைக்குட்டி!" எருமை அங்கேயே ஒரு நீச்சல் குளம் கட்டித் தருவதாக நல்லதம்பி காதில் சொன்னதும் நாற்பத்தெட்டாவது தாள் தயாராகிவிட்டது. மயில்கூட, "தம்பி கறுப்பா இருந்தாலும் களையா இருக்கான்" என்றது.

"முடிஞ்சுதாய்யா? நான் மணலுக்குப் போகட்டுமா?" என்றது ஆழியம்மா.

செயலாளர் கோதண்டம் தொண்டையைக் கனைத்தது. "அதுல ஒரு சின்னச் சிக்கல்மா. இப்ப நாங்க நாற்பத்தெட்டுப் பேரும் உங்க வாரிசு ஆயிட்டோம். அதனால மணல் குடும்பச் சொத்து. புதுசா முட்டை போட்டா புது வாரிசு வரும். அதுக்கு இருக்கிற வாரிசுங்க எல்லாரும் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து போடணும். உங்க பிள்ளைங்கதானே, போட மாட்டோமா?"

போட்டார்கள், மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒருத்தர் தூங்குகிறார் என்றார்கள், ஒருத்தர் மசாஜில் இருக்கிறார் என்றார்கள். ஆழியம்மா வீடு வீடாக ஊர்ந்து போனது. சூசை தாளைக் கொடுக்கில் பிடித்துக்கொண்டு கூடவே போனது. மூன்றாம் நாள் மத்தியானம் நாற்பத்தேழு கையெழுத்து சேர்ந்திருந்தது. பாக்கி மயில் மனோரஞ்சன். அது காலையில்தான் மலைவாசஸ்தலத்துக்குக் கிளம்பிப் போயிருந்தது.

அன்று மாலை பொன்விழா. நிகழ்ச்சி நிரலில் 'தாய்க்குப் பாராட்டு' என்று இருந்தது. ஆழியம்மாவை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். நல்லதம்பி மைக்கைப் பிடித்து, "ஈ காக்கை இல்லாத இடத்துல எங்களைப் பெத்துப் போட்ட தெய்வம்!" என்று அழுதார். நிஜமாகவே கண்ணீர் வந்தது, நான் பார்த்தேன்.

ஆழியம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பொன்னாடையோடு மேடையிலிருந்து இறங்கிப் புல்வெளியில் தோண்டிப் பார்த்தது. விரற்கடை ஆழத்துக்கு வெளிநாட்டுப் புல், அதன் கீழே சிமெண்ட். துடுப்பு கிழிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். நூற்றுப் பத்து முட்டையையும் அந்தப் புல்லின் மேலேயே இட்டது. மூட மணல் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தது. கைதட்டல் இன்னும் ஓயவில்லை. பாவி மக்கள், அதையும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள்.

"பொது இடத்துல விழுந்தது சங்கத்துக்குச் சேரும்" என்றது கோதண்டம். இரண்டு பரிசாரகர்கள் கூடை கொண்டுவந்தார்கள்.

"என் பிள்ளைங்கய்யா! விட்டுருங்கய்யா!" என்று ஆழியம்மா கத்தியது.

"இதோ இருக்கோமே அம்மா!" என்று நாற்பத்தேழு குரல் ஒரே நேரத்தில் பதில் சொன்னது.

சூசைதான் ஆழியம்மாவைக் கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனது. கேட்டைத் திறந்துவிட்டு, கடலில் அதன் ஓடு மறையும் வரை சூசை நின்றது. பிறகு வேலை போய்விடுமே என்று திரும்பி வந்தது.

விருந்தில் அன்று ஆம்லெட். நல்லதம்பி ஒரு வாய் எடுத்து வைத்தார், கண்ணை மூடினார், தலையை ஆட்டினார்.

"என்ன இருந்தாலும், அம்மா கைப்பக்குவம் அம்மா கைப்பக்குவம்தான்."

நீதி: பெற்ற தாயைப் போற்றுங்கள். உப்பும் மிளகும் அவரவர் விருப்பம்.