நல்ல கவனிப்பு

சித்திரவதைக்கு எதிரான சர்வதேச ஒப்பந்தத்தில் 1997-ல் இந்தியா கையெழுத்திட்டது. இவ்வளவு கனமான விஷயத்தைச் சேலத்து வெயிலில் வைத்து ஆராய்ந்தால் கெட்டுப்போகும் என்பதால், கருத்தரங்கை ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் வைத்தார்கள். பேராசிரியர் பெரியண்ணன் தலைமை. இன்ஸ்பெக்டர் தங்கராஜும் பேசினார்.

"எங்க ஸ்டேஷன்ல சித்திரவதைங்கிற பேச்சுக்கே எடமில்லைங்க. வர்றவங்களைக் கவனிச்சு அனுப்பறதோட சரி."

போலீஸ் கவனிப்பு என்றால் லத்தியால் கவனிப்பது என்று அடிவாரத்துக் குரங்குக்கும் தெரியும். மண்டபம் சிரித்துக் கைதட்டியது.

மதியம் பேராசிரியரின் கேமராவைக் காணோம். அறையைக் கூட்டிய மாதையனை ஜீப்பில் ஏற்றினார்கள். ஓட்டல் சமையற்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவன் மனைவி கலாவதி, ஈரக் கையோடு பேராசிரியரிடம் ஓடிவந்தாள்.

"ஏனுங்க, அடிக்கப்படாதுன்னு காத்தால நீங்கதானுங்களே பேசுனீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்லலாம்மா. ஆனா இந்தியா கையெழுத்து மட்டுந்தான் போட்டிருக்கு, இன்னும் உறுதி செய்யலை. நிச்சயதார்த்தம் ஆச்சு, கல்யாணம் ஆகலைன்னு வெச்சுக்கோ."

"கல்யாணம் ஆகற வரைக்கும் எங்கூட்டுக்காரர் அடி வாங்கோணுங்களா?"

பேராசிரியருக்கு மனம் இளகிவிட்டது. இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்.

"அடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம். நல்லா கவனிச்சு விசாரிங்க."

"ஆகட்டுங்க" என்று தங்கராஜ் சல்யூட் அடித்தார்.

சாயங்காலம் கேமரா கிடைத்தது. பேராசிரியரின் காரிலேயே, அவருடைய ஸ்வெட்டருக்குள் சுருண்டு கிடந்தது. மாதையனை உடனே விட்டுவிட்டார்கள். சட்டத்தின் ஆட்சியில் தாமதம் கிடையாது. கலாவதியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓட்டலுக்கு வந்து சேர்ந்தான்.

"நல்லா கவனிச்சாங்களாப்பா?" என்று பேராசிரியர் கேட்டார்.

"நொம்ப நல்லாக் கவனிச்சாங்க."

அதைத் தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்து குரூப் போட்டோ, கிடைத்த கேமராவிலேயே. பெருந்தன்மையோடு நடு நாற்காலியை மாதையனுக்கு ஒதுக்கினார்கள்.

"உக்காருப்பா, கூச்சப்படாதே."

"அவரால உக்கார முடியாதுங்க" என்றாள் கலாவதி.

பேராசிரியர் தம் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவரைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக்கூடக் கழற்றினார்.

கருத்தரங்க மலரின் அட்டையில் அந்தப் படம்தான் இருக்கிறது. கீழே அச்சிட்டிருக்கிறார்கள்: "சித்திரவதைக்கு எதிராக ஒரே மனதாக எழுந்து நின்றோம்."