வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மொழி

ஜாவா என்ற கணினி மொழியைப் படிக்க ஆரம்பித்த இரண்டாம் நாள், அகிலின் கைப்பேசி அலறியது. ஹென்டர்சனிலிருந்து குலசிங்கம். இருபது வருடமாக ஆக்லாந்தில் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி, நீர் ஜாவா படிக்கிறீராம். உம்மட மனுசி சொன்னவ."

"ஆமாண்ணே."

"அது என்ர காலத்துச் சாமான். விட்டுட்டு 'கோ' படியும். இப்ப எல்லாரும் அதைப் பற்றித்தான் கதைக்கினம்."

"இண்டர்வியூவுக்கு இன்னும் ஒம்பது நாள்தாண்ணே இருக்கு."

"ஓம், அதுதான் சொல்லுறன். நேரத்தை வீணாக்காதையும்."

அகில் ஜாவாவை மூடினான்.

அவன் நிறுவனத்தில், அவன் இருக்கும் டேட்டா சயின்ஸ் குழுவை மாதக் கடைசியோடு கலைக்கிறார்கள். அங்கேயே மென்பொருள் பொறியாளர் இடம் ஒன்று இருப்பதாக மின்னஞ்சல் வந்தது. கிடைத்தால் விசா பிழைக்கும். இல்லையென்றால் ஹில்ஸ்பரோ வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருச்சிக்கு விமானம் ஏற வேண்டியதுதான். 'உங்களுக்கு நன்றாக வரும் கணினி மொழியிலேயே எழுதிக் காட்டலாம்' என்று மின்னஞ்சலில் ஒரு வரி.

அந்த வரியில்தான் ஏதோ பொறி இருப்பதாக அகிலுக்குப் பட்டது.

"உங்களுக்குத்தான் பைத்தான் தண்ணி பட்ட பாடாச்சே" என்றாள் மனைவி தேவதர்ஷினி.

"அது டேட்டாக்காரன் மொழி. அதை எழுதினா, இவன் இன்னும் மாறலைன்னு துரத்திடுவாங்க."

'கோ' இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள், அலுவலகச் சமையலறையில் யாரோ 'ரஸ்ட்' என்றார்கள். அன்று மாலையே ரஸ்ட். பதினெட்டு வரி எழுதினான். நாற்பது பிழை காட்டியது.

"பேசாம நாலு பேரைக் கேட்டு முடிவு பண்ணுங்க."

"நாலு பேரு பத்தாது தர்ஷினி. புள்ளிவிவரம்னா ஆள் கணக்கு வேணும்."

ஞாயிற்றுக்கிழமை, 'இந்த வேலைக்கு எந்த மொழி?' என்று இணையத்தில் ஒரு படிவம் தயாரித்தான். பதில் துல்லியமாக வர வேண்டுமே என்று, அலுவலக மின்னஞ்சலை, விண்ணப்பம் அனுப்ப வேண்டிய முகவரியோடு, அப்படியே ஒட்டினான். ஆக்லாந்து தமிழ் ஐ.டி. வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டான். சாயங்காலத்துக்குள் நாற்பது பதில்.

"போதுமே" என்றாள்.

"வெலிங்டன்காரங்களைக் கேக்க வேண்டாமா? முடிவு ஒரு பக்கமா சாஞ்சிடும்."

வெலிங்டனுக்குப் போனது. கிறைஸ்ட்சர்ச்சுக்கும் போனது. புதன்கிழமை இருநூற்றுப் பதின்மூன்று பேர் சொல்லியிருந்தார்கள். ஜாவா ஐம்பத்திரண்டு. கோ ஐம்பத்துமூன்று. ரஸ்ட் ஐம்பத்துநான்கு. டைப்ஸ்கிரிப்ட்டும் ஐம்பத்துநான்கு.

"என்னதான் சொல்றாங்க?"

"நாலையும் படிக்கச் சொல்றாங்க" என்றான் அகில், ஈனக்குரலில்.

வெள்ளிக்கிழமை, நான்கு மொழிகளும் தலைக்குள் கட்டிப் புரள, மனிதவளப் பிரிவின் அறைக்குள் நுழைந்தான். அங்கே இருந்தவள் சுரேகா, ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழ்ப் பெண்.

"அண்ணே, இண்டர்வியூ இன்னிக்கு இல்ல. திங்கக்கிழமையிலருந்து அப்ளிகேஷனா கொட்டுது. புதுசா மட்டும் இருநூத்திப் பதிமூணு."

அகில் கைப்பேசியை எடுத்துப் படிவத்தின் கணக்கைப் பார்த்தான். அதே எண்.

"பயப்படாதீங்க. அத்தனையையும் சலிச்சு எடுக்க ஆளு வேணும்ல? உங்க டேட்டா குழுவ இன்னும் மூணு மாசம் வச்சுக்கச் சொல்லிட்டாரு பாஸ்."

போன உயிர் திரும்பி வந்தது. மூன்று மாதத்துக்கு விசாவுக்கு ஆபத்தில்லை. அதற்குள் ரஸ்ட்டை ஒரு கை பார்த்துவிடலாம். பேச்சுக்குக் கேட்டு வைத்தான்:

"திங்கக்கிழமைக்கு முன்னாடி எத்தனை பேர் போட்டிருந்தாங்க?"

சுரேகா கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"நீங்க ஒருத்தர்தான் அண்ணே. நல்லா பைத்தான் எழுத ஆளு வேணும்னு, உங்கள மனசுல வச்சுத்தானே பாஸ் அந்த வேலையையே உண்டாக்கினாரு."