புயல் வீரனுக்குக் கஞ்சி இல்லை

பெட்டியைத் திறந்ததும் குமாரவேலுக்கு அழுகை வந்துவிட்டது. அது அவருடைய பெட்டி இல்லை.

இரண்டு நாள் அடித்த புயலில், ராயபுரம் கடலோரம் இருந்த டூரிங் டாக்கீஸ் கொட்டகை கிழிந்து கடலோடு போனது. அதை ஒட்டியிருந்த அவருடைய குடிசையும் கூடவே போனது. கைக்கு அகப்பட்ட தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து, ரயில் நிலையத்துக்குப் பின்னால், வீடிழந்த சனங்களைத் தங்கவைத்திருந்த அரிசிக் கிடங்கில் வந்து விழுந்தார். வழியெல்லாம், பெட்டியில் உலர்ந்த வேட்டி இரண்டு இருக்கிறது என்ற தைரியம். திறந்து பார்த்தால் உள்ளே புயல் வீரன் இருந்தான்.

கறுப்பு அங்கி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட முகமூடி, தகர வாள். டாக்கீஸில் 'புயல் வீரன்' படம் ஓடியபோது நோட்டீஸ் வண்டியில் போகிறவன் போட்டுக்கொண்ட வேஷம். பூட்ஸ் மட்டும் இல்லை. அதை அவன் வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

குமாரவேல் அந்த டாக்கீஸின் கேட்டுக்காரர். பதினோரு வருஷமாக அவர் வாயிலிருந்து வந்த பேச்சு மூன்றுதான். "டிக்கெட்டு." "உள்ள போ." "வெளிய போ." மூன்றாவது, கொட்டகைத் துணியைத் தூக்கிவிட்டுத் தவழ்ந்து நுழையும் பொடிசுகளுக்கு. அதைக் காதைத் திருகிக்கொண்டே சொல்வார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டிலும் பேச ஆளில்லை. பேசாமல் இருந்து இருந்து, யாராவது எதிரே வந்தாலே அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

ஈர வேட்டி உடம்பை நடுக்கியது. மூட்டை அடுக்குக்குப் பின்னால் போய் அங்கியை மாட்டினார். யாராவது பார்த்தால் மானம் போகுமே என்று முகமூடியையும் மாட்டினார். எப்போதோ பீப்பாய் உருண்டு நசுங்கிய இடது கால் கட்டைவிரல் அங்கிக்குக் கீழே எட்டிப் பார்த்தது. போகட்டும் என்று வெளியே வந்தார்.

கிடங்கில் அதுவரை முப்பது பிள்ளைகள் ஒன்றாக அழுதுகொண்டிருந்தார்கள். சட்டென்று அழுகை நின்றது.

எட்டு வயது தாஹிரா, தம்பி ரோஷனைப் பின்னால் மறைத்துக்கொண்டு முன்னே வந்தாள்.

"யாரு நீ?"

"புயல் வீரன்."

"அப்போ எங்க வூட்டுக் கூரையப் பிச்சிகினு போனது நீதானா?"

"ஐயோ, நான் இல்லம்மா! அது வேற புயல். நான் அதத் தொரத்திகினு வந்தவன். எண்ணூர் வரிக்கும் தொரத்தி வுட்டுட்டேன். இனிமே வராது."

சொல்லிவிட்டு அவரே அசந்துபோனார். இத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் பேசி எத்தனை காலமாயிற்று!

பிள்ளைகள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ குசுகுசுத்தார்கள். பிறகு இக்னேஷியஸ் என்ற மீனவர் வீட்டுப் பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"சரி, கதை சொல்லு."

சாயங்காலம் வரை சொன்னார். படத்தைக் கேட்டில் நின்று காதால் கேட்டதுதான் அதிகம், பார்த்தது குறைவு. அதனால் சண்டைகளையெல்லாம் சொந்தமாகக் கட்டினார். வாயில் விரலோடு ரோஷன் அவர் மடியிலேயே தூங்கிப்போனான். கால் மரத்துப்போயும் குமாரவேல் அசையவில்லை.

தொல்லை கஞ்சியில் ஆரம்பித்தது.

"பேரு இன்னா?" என்றாள் சனங்களுக்குக் கஞ்சி ஊற்ற அகப்பையோடு நின்ற கெங்கம்மா.

"புயல் வீரன்."

"லிஸ்ட்டுல அந்தப் பேரு இல்ல நைனா. லிஸ்ட்டுல இல்லாதவனுக்குக் கஞ்சி கெடையாது. நவுரு."

மூட்டைக்குப் பின்னால் போய், ஈர வேட்டியைக் கட்டிக்கொண்டு, குமாரவேலாக வரிசையில் நின்று கஞ்சி வாங்கினார். தனியாக உட்கார்ந்து குடித்தார். ஒரு பிள்ளைகூட அந்தப் பக்கம் வரவில்லை. அவரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. புயல் வீரன்மேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது.

திரும்ப அங்கியோடு வந்ததும் தாஹிரா கேட்டாள். "நீ துன்னலியா?"

"வீரனுங்க துன்ன மாட்டாங்க."

மறுநாள் முப்பது பிள்ளைகளும் கஞ்சியைத் தொடவில்லை. "நாங்களும் வீரனுங்கதான்!"

கெங்கம்மா அகப்பையை ஓங்கிக்கொண்டு வந்தாள். "இன்னாய்யா பேஜாரு பண்றே? புள்ளைங்கள துன்னச் சொல்லு!"

"வீரனுங்களும் துன்னலாம்" என்று சட்டத்தை மாற்றினார். உடனே ஆளுக்கொரு வாய் அவருக்கு ஊட்டினார்கள். முப்பது வாய். அதன் பிறகு குமாரவேலாகவும் போய்த் தட்டை நீட்ட வேண்டியிருந்தது. வராதவர் பேரை அடித்துவிடுவேன் என்று கெங்கம்மா மிரட்டியிருந்தாள். வயிறு ஒன்று, ஆள் இரண்டு. மூன்றாம் நாள் அவரால் குனிய முடியவில்லை.

அன்றைக்குத்தான் இக்னேஷியஸ் வில்லங்கத்தைக் கொண்டுவந்தான்.

"அந்த மூட்டைக்குப் பின்னாடி ஒரு கேட்டுக்காரன் கீறான். என் காதத் திருகினவன். அவன ஒதைப்பியா?"

எல்லாக் கண்களும் அவர்மேல். வீரன் மறுத்தால் வீரனா?

"ஒதைச்சாப் போச்சு."

மூட்டைக்குப் பின்னால் போனார். வாளால் மூட்டையை நாலு சாத்து சாத்தினார். "காதத் திருகுவியா?" என்று கனத்த குரலில் கேட்டார். "ஐயோ, இனிமே இல்ல சாமி!" என்று சொந்தக் குரலில் அலறினார். வேகத்தில் வாள் எகிறி நிஜமாகவே முழங்காலில் பட, அலறலில் உண்மையும் கலந்துகொண்டது.

"போதும், வுட்டுடு! நோவப்போவுது!" என்று வெளியே பிள்ளைகள் கத்தினார்கள்.

நொண்டிக்கொண்டு வந்தால், இக்னேஷியஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "பாவம் அவரு. காது அப்பவே சரியாப் போச்சு. அவரையும் இட்டுகினு வா. எங்க முன்னாடி ராசியாவணும்."

குமாரவேலைப் பாவம் என்று சொன்ன முதல் மனிதன் அவன்தான். "நாளைக்கி" என்று மட்டும் சொன்னார்.

நாலாம் நாள் காலை தண்ணீர் வடிந்தது. சனங்கள் மூட்டை முடிச்சு கட்டினார்கள். முப்பது பிள்ளைகளும் மூட்டை அடுக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வீரனும் கேட்டுக்காரரும் சேர்ந்து வரவேண்டுமாம்.

முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு குமாரவேல் யோசித்தார். உண்மையைச் சொன்னால் காதைத் திருகினவன்தான் மிஞ்சுவான். இந்த நாலு நாளும் பொய்யாகிப்போகும். மடியில் தூங்கினவன்கூட மிரண்டு ஓடுவான். அதைவிட, வீரன் நல்லவனாகவே போய்விடட்டும்.

முகமூடியைச் சாக்குக்கு அடியில் செருகினார். வேட்டியோடு வெளியே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"புயல் வீரன் எண்ணூருக்குப் போயிட்டான். அங்க நெறைய வூடு போயிடிச்சாம்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், பழையபடி ஆகிவிட்டது. அவர் தம் மூலைக்குத் திரும்பினார்.

ரோஷன் எழுந்து மூட்டைக்குப் பின்னால் ஓடினான். முகமூடியை இழுத்துக்கொண்டு வந்து, வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டு, அவரிடம் நீட்டினான்.

"இந்தா மாமு, மாட்டிக்க. கொட்டாய்த் துணியத் தூக்குனா மொதல்ல உன் நசுங்குன கால் வெரலத்தானே பாப்போம், எங்களுக்கு மொத நாளே தெரியும். இது இல்லாங்காட்டி நீதான் எங்ககிட்ட பேசமாட்டே."