திருமலைச் சாரி

எனக்கு ரயிலைப் பற்றி எல்லாம் தெரியும். என் மானம் போனதற்கு அந்த அறிவுதான் காரணம்.

தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடும்; எங்கள் ஊரான கல்முனைக்குக் கோச்சி கிடையாது. (ரயிலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) ஆகவே, கொழும்பில் ஒரு கடையில் ஒரு வருஷம் நின்றுவிட்டு வந்த நான், எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவுக்கே ரயில் நிபுணன். புதுமாப்பிள்ளை வேறு. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். போன மூன்றாம் மாதம், மனைவியின் தாயான மாமிக்குக் கொழும்பில் கண் ஒப்பரேஷன் என்றார்கள். நானே கூட்டிப் போகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. திரும்பி வரும்போது மாமிக்கு ஒரு கண்ணில் பெரிய கட்டு. சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது. டிக்கெட் இரண்டும் என் சட்டைப் பையில். வழி நெடுகப் பாடம் நடத்தினேன்: கல்லோயாச் சந்தியில் கோச்சியை இரண்டாகப் பிரிப்பார்கள்; முன் பெட்டிகள் திருமலைக்கு, அதாவது திருகோணமலைக்கு; பின் பெட்டிகள் மட்டக்களப்புக்கு; விஷயம் தெரியாத ஆட்கள் மாறிப் போய்விடுவார்கள், பாவம். மாமி பொறுமையாக "ஓம்" கொட்டிக்கொண்டு வந்தார்.

கல்லோயாவில் மாமிக்குப் பிளேன்டீ வாங்க இறங்கினேன். முன் பெட்டி வாசலில் வயதான புருஷனும் பெண்சாதியும் ட்ரங்குப் பெட்டியோடு திகைத்து நின்றார்கள். இது திருமலைக்குப் போகுமா என்று கேட்டார்கள். யாரிடம் வந்து கேட்கிறார்கள்! ட்ரங்கைத் தூக்கி மேலே ஏற்றி, இருவரையும் உட்கார வைத்து, எந்தப் பெட்டி எங்கே போகும், ஏன் போகும் என்று விளக்கினேன். விளக்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. அவர்கள் சரியான பெட்டியில்தான் இருந்தார்கள். நான்தான் இல்லை. வெளியே மரங்கள் ஓடத் தொடங்கியிருந்தன.

கண்ணில் கட்டோடு, கையில் டிக்கெட் இல்லாமல், தனியாக மாமி. நிபுணன் வெட்கமில்லாமல் அழுதான். அந்தத் தம்பதிதான் என்னைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறும் பாயும் தந்தார்கள். தந்தி கொடுக்கலாம் என்று போனேன். மாமியைத் தொலைத்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. (இரண்டே சொல்லில் முடிகிற தந்திதான்.)

மறுநாள் பஸ் மாறி மாறி வந்து வீட்டுக்குள் நுழைந்தால், கண் பார்க்க வந்த சனம் கூடம் நிறைய. நடுவில் மாமி, வெற்றிலை போட்டபடி. அல்ஹம்துலில்லாஹ், எனக்கு உயிர் வந்தது. மாமி என்னைக் கண்டதும் கட்டில்லாத கண்ணை மூடி மூடித் திறந்தார். நான் பதறிப்போனேன்.

"அந்தக் கண்ணும் நோவுதா மாமி?"

மாமி இன்னும் வேகமாகச் சிமிட்டினார். அதற்குள் என் மனைவி ஹாஜரா ஓடி வந்தாள்.

"எங்க சாரி?"

"என்ன சாரி? நான் கோச்சி மாறிப் போயிட்டன் புள்ள."

சிரிப்பு அடங்க அரைமணி நேரம் ஆகியிருக்கும். விஷயம் இதுதான். மாமி பெட்டியில் கூட வந்த, சிங்களம் தெரிந்த ஓர் ஏறாவூர்க்காரரை டிக்கெட் பரிசோதகரிடம் பேசவைத்து, சாமான்களோடு சுகமாக மட்டக்களப்பில் இறங்கியிருக்கிறார். கூட்டிப்போக வந்த மாமாவிடம், மருமகன் ஹாஜராவுக்குச் சாரி எடுக்கத் திருமலைக்குப் போய்விட்டார், நான்தான் அனுப்பினேன் என்று சொல்லியிருக்கிறார். (பக்கத்து ஊர் மருதமுனையில் இத்தனை தறி இருக்கத் திருமலையில் என்ன சாரி என்று யாரும் கேட்கவில்லை. மாமியைக் கேள்வி கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.)

சனம் போனபின் மாமி என்னைக் கூப்பிட்டார்.

"கோச்சி மாறினது பரவால்ல தம்பி. என்ட மருமகனப் பாத்து ஒரு ஆளும் சிரிக்கப்படாதெண்டுதான் நான் பொய் சொன்ன. அத நீங்களே வந்து உடைச்சிட்டீங்களே."

அன்றுதான் அவர் எனக்கு இன்னொரு உம்மா ஆனார்.

அதன்பிறகு எத்தனையோ சாரி வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஹாஜரா ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. திருமலைச் சாரி எப்ப வரும்?" என்பாள். நான் மீன் வாங்க மறந்து வந்தாலும் பிள்ளைகள் அதையே கேட்கிறார்கள்.

மாமி மட்டும் மௌத்தாகிக் கண்ணை மூடும்வரை அந்தப் பகிடியில் சேரவே இல்லை. யார் சிரித்தாலும் முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்வார்: "அவரு சாரி எடுக்கத்தான் போன. அண்டைக்குக் கடை பூட்டு."