சோதிலிங்கத்தின் சம்மதம்

"வேண்டாமெண்டு சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கு, அக்கா."

சோதிலிங்கம் இதைச் சொன்னதுதான் பிழையாய்ப் போயிற்று. அதுவரை எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்த அயல்வீட்டு இராசமலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேண்டாமெண்டு சொல்லுற அளவுக்கு இதில என்ன வில்லங்கம் இருக்கு?"

ஒக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் அந்தச் சனிக்கிழமை நடந்தது இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். இராசமலருக்குத் தெரிந்த விஷயம் ஊருக்குத் தெரியாமல் இருக்குமா?

ஒரு காலத்தில் சாம்பியாவில் விரிவுரையாளராக இருந்த சோதிலிங்கம், ஒக்லாந்துக்கு வந்த நாள் முதல் விரி என்ற புறநகரில் ஒரு குளிர்க்கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். தொண்ணூற்றாறில் இங்குள்ள ஒரு பல்கலைக்கழகம், ஆபிரிக்காவிலிருந்து விரிவுரையாளர்களை அழைத்து, மனிதர்களிடம் ஆராய்ச்சி செய்பவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பழக்கத் தொடங்கியது. அவர்கள் திரும்பிப் போய்த் தங்கள் நாட்டில் மற்றவர்களைப் பழக்க வேண்டும். ஆளுக்கொரு வழிகாட்டி. சாம்பியாவிலிருந்து வந்த டொக்டர் முவான்சா என்ற பெண்மணிக்கு, அந்த நாட்டுத் தண்ணீர் குடித்தவர் என்பதால், சோதிலிங்கம் தற்காலிக வழிகாட்டி. திங்கட்கிழமை முவான்சா "இவரே இருக்கட்டும்" என்று சொன்னால் மூன்று வருட வேலை. இல்லாவிட்டால் பழையபடி கையுறையும் பெட்டியும்தான்.

ஆகவே, ஆராய்ச்சிக்குச் சம்மதம் கேட்பது எப்படி என்று செய்தே காட்டுவதற்காக, அக்கம்பக்கத்தாரை வரவேற்பறைக்கு அழைத்திருந்தார். பிள்ளைகளின் இருமலுக்கு வீட்டில் என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்பது கேள்வி.

"ஆசை காட்டக் கூடாது," என்று முவான்சாவுக்கு ஆங்கிலத்தில் பாடம் எடுத்தார். "சம்மதித்தால் என்ன கிடைக்கும் என்று மூச்சுக்கூட விடக் கூடாது." அதனால் மனைவி ரதிதேவி பொரித்த ரோல்ஸ் அடுப்படியில் சிறை இருந்தது.

"மிஸ்டர் சோதி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்," என்றார் முவான்சா. இதை விமான நிலையத்திலும் கேட்டிருந்தார், காரிலும் கேட்டிருந்தார்.

"யெஸ், யெஸ், எல்லாவற்றுக்கும் யெஸ்! முதலில் உட்காருங்கள்," என்றார் சோதிலிங்கம், இந்த முறையும். முவான்சா மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கத் தொடங்கினார்.

"ஒரு வில்லங்கமும் இல்லை, அக்கா. ஆபத்தே இல்லை," என்று சோதிலிங்கம் இராசமலரிடம் திரும்பினார்.

"ஆபத்தில்லாத விஷயத்துக்கு ஆர் இவ்வளவு விளக்கம் சொல்லுவினம்? விசாக்காரர் அனுப்பினவையோ?"

'விசா' என்ற சொல் விழுந்ததும் மலேசியாக்காரர் சிவனேசன் எழுந்தார். "எனக்கு வேணாம்லா. நான் கெளம்புறேன்."

"அருமை!" என்று சோதிலிங்கம் கைதட்டினார். "பாருங்கோ, இப்பிடித்தான் துணிஞ்சு சொல்லோணும்!"

சிவனேசனுக்குக் கைதட்டல் கிடைத்ததை இராசமலரால் தாங்க முடியுமா? "எனக்கும் வேண்டாம்," என்றார். அடுத்த நிமிடம் அறை முழுக்க வேண்டாம், வேண்டாம் என்றது. முவான்சாவின் பேனா பறந்தது.

சோதிலிங்கத்துக்குக் குளிர்க்கிடங்கு கண்ணுக்குள் வந்தது. "ஒராளாவது ஓமெண்டு சொல்லுங்கோவன்! அக்கா, உங்கட மகனுக்கு நான்தானே வேலை எடுத்துக் குடுத்தனான்?"

"அதைச் சொல்லிக் காட்டத்தான் கூப்பிட்டனீரோ?"

"வெறும் வயித்தோட இருத்தி வச்சு ஆக்களை ஆய்க்கினைப்படுத்திறது எந்தப் புத்தகத்தில இருக்கு?" என்று ரதிதேவி அடுப்படியிலிருந்து கத்தினார்.

சோதிலிங்கம் ஓடிப்போய்த் தட்டோடு வந்தார். "ஓமெண்டு சொல்லுற ஆக்களுக்கு ரோல்ஸ்!"

எல்லோரும் சம்மதித்தார்கள். சிவனேசன் வாய் நிறைய ரோல்ஸோடு இரண்டு தரம் சம்மதித்தார்.

ஆட்கள் போனதும் சோதிலிங்கம் முவான்சாவின் முன்னால் வந்து நின்றார். "இதையெல்லாமா எழுதினீர்கள்?"

"அதைத்தான் மூன்று தரம் கேட்டேன். வழிகாட்டிகள் எப்படிச் சம்மதம் வாங்குகிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. அதில் நான் ஆராயும் ஆள் நீங்கள்தான். ஒவ்வொரு முறையும் யெஸ் என்றீர்கள், ஆனால் ஒரு முறையும் காது கொடுக்கவில்லை. அதனால் திரும்பவும் கேட்கிறேன். வேண்டாம் என்றால் காரணம் சொல்லத் தேவையில்லை, எல்லாவற்றையும் கிழித்துவிடுவேன். நன்றாக யோசித்து..."

"வேண்டாம்!" என்றார் சோதிலிங்கம், அந்த வசனம் முடியுமுன்னே.

முவான்சா ஒவ்வொரு தாளாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். சோதிலிங்கத்துக்கு உயிர் திரும்பியது. மிச்சமிருந்த கடைசி ரோல்ஸை அவரிடம் நீட்டினார்.

"அப்படியென்றால் திங்கட்கிழமை என்னைப் பற்றி என்ன சொல்லப் போகிறீர்கள்?"

"சொல்ல இனி என்னிடம் ஒன்றுமில்லையே," என்றார் முவான்சா, ரோல்ஸை வாங்கிக்கொண்டு. "இத்தனை பிழைகளையும் ஒரே பின்னேரத்தில் செய்து காட்டக்கூடிய ஆள் என் மாணவர்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்று நீங்கள் வேண்டாம் என்று கிழிக்கவைத்த அந்தத் தாளில்தான் எழுதியிருந்தேன், முன்பே சொல்லியிருப்பேன், ஆனால் அது ஆசை காட்டுவதாகிவிடும் என்று நீங்கள்தானே படிப்பித்தீர்கள்?"