கடைசி இரண்டு பெட்டிகள்

எனக்கு ஜெர்மன் தெரியாது. இன்றைக்கு இதைச் சொல்வதில் எந்தக் கூச்சமும் இல்லை. இருபத்தாறு வயதிலேயே இதை ஒப்புக்கொண்டிருந்தால், சுவிட்சர்லாந்தில் ஒரு மலைக்கு அந்தப் பக்கம் என் அப்பா அம்மாவும் இந்தப் பக்கம் நானுமாகப் பிரிந்திருக்க மாட்டோம்.

2003-ல் கம்பெனி என்னை ஜூரிச் நகருக்கு வேலைக்கு அனுப்பியிருந்தது. அங்கே மூன்று மாதம் மாலை நேர ஜெர்மன் வகுப்புக்குப் போனேன். முடிவில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். (வகுப்புக்கு வந்ததற்கான சான்றிதழ் அது, பாஸானதற்கு அல்ல. இந்த வித்தியாசத்தை நான் வீட்டில் யாருக்கும் விளக்கவில்லை.) திருவண்ணாமலைக்கு போன் செய்தபோதெல்லாம், ஜெர்மன் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்றே சொல்லி வைத்திருந்தேன்.

அந்தக் கோடையில் அப்பாவையும் அம்மாவையும் பதினைந்து நாளுக்கு வரவழைத்தேன். அப்பா வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில், வருகிற மனுக்களுக்கு எண் போட்டு அந்தந்த மேசைக்கு அனுப்பும் வேலையிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். அம்மா அதுவரை வெளியூர் என்று போனது திருப்பதிக்கும் சென்னைக்கும்தான். அவர்களை அசத்திவிட வேண்டும் என்று, ஏரிகளையும் மலைக் கிராமங்களையும் ஒட்டி ஆடி அசைந்து போகும் ஒரு ரயிலில் ஏற்றினேன். கட்டுச்சோற்றுப் பை அம்மாவிடம். டிக்கெட், பாஸ்போர்ட், செல்போன் எல்லாம் என்னிடம். (பொறுப்பானவள் நான் அல்லவா.)

ரயில் ஒரு பச்சை நிற ஏரியின் ஓரமாக ஊர்ந்தது. ஜன்னல்தோறும் சிவப்புப் பூத்தொட்டி வைத்த மர வீடுகள். கழுத்தில் பெரிய மணி கட்டிய மாடுகள். அம்மாவின் கண் மட்டும் வீட்டுச் சுவரோரம் அடுக்கியிருந்த விறகின் மேலேயே இருந்தது.

"எவ்ளோ நேக்கா அடுக்கி வச்சிக்கிறாங்க பாரேன். ஒரு கட்டகூட நீட்டிக்கினு இல்ல."

அப்பா பனி மூடிய சிகரத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். "நம்ம மலைய விட ஒசரம் ஜாஸ்திதான். ஆனா சுத்தி வர்றதுக்கு ஒரு ரோடு போடல பாரு" என்றார்.

அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் நீளமாக ஓர் அறிவிப்பு வந்தது.

"இன்னாடி சொல்றாங்க?" என்றாள் அம்மா.

எனக்குப் புரிந்தது இரண்டே சொற்கள். ஒன்று 'அடுத்த நிலையம்'. இன்னொன்று 'இரண்டு'. மீதியை நானே நிரப்பிக்கொண்டேன்.

"அடுத்த ஸ்டேஷன் தாண்டினா ரெண்டு ஏரி வருதாம்மா. எல்லாரும் பாருங்கன்னு சொல்றாங்க."

"ரெண்டு ஏரிக்கா இம்மாம் நேரம் பேசினாங்க?" என்றார் அப்பா.

"ஜெர்மன்ல எல்லாமே நீளமாத்தான்பா இருக்கும்."

எங்கள் பெட்டியிலிருந்த நாலைந்து பேர் மூட்டை முடிச்சோடு எழுந்து முன்பக்கம் நடந்தார்கள். ஏரி பார்க்கத்தான் போகிறார்கள் என்று முடிவு கட்டினேன். (ஏரி பார்க்கப் பெட்டி எதற்கு என்று ஒரு நிமிடமாவது யோசித்திருக்கலாம்.) "நீங்க சாப்டுட்டு இருங்க, நான் முன்னாடி போயி போட்டோ எடுத்தாறேன்" என்று என் கைப்பையையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனேன்.

ரயில் ஒரு ஸ்டேஷனில் நின்றது. கொஞ்சம் அதிகமாகவே நின்றது. பிறகு கிளம்பியது. ஏரி ஒன்று வந்தது. படம் எடுத்தேன். இரண்டாவது ஏரிக்காகப் பத்து நிமிடம் காத்திருந்தேன். வரவில்லை. சரி, திரும்பலாம் என்று ஒவ்வொரு பெட்டியாகப் பின்னால் நடந்தேன். ஒரு பெட்டியின் கடைசியில் கண்ணாடிக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் என் பெற்றோர் உட்கார்ந்திருந்த பெட்டி இருக்க வேண்டும். இருந்தது வெறும் தண்டவாளம். அது பாட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நிலையத்தில் கடைசி இரண்டு பெட்டிகள் கழற்றப்பட்டு வேறு பள்ளத்தாக்குக்குப் போகும், அந்த வழியில் போகாதவர்கள் தயவுசெய்து முன்பெட்டிகளுக்கு வந்துவிடவும். அறிவிப்பு இதுதான்.

அவர்கள் கையில் டிக்கெட் இல்லை, பாஸ்போர்ட் இல்லை, பாஷை தெரியாது, போன் இல்லை. அப்படி இரண்டு பேரை முன்பின் தெரியாத மலைக்குள் அனுப்பிவிட்டேன். ஓடிப்போய் டிக்கெட் பரிசோதகரான அம்மையாரைப் பிடித்தேன். அந்த நிலையிலும் வீம்பு விடவில்லை. ஜெர்மனிலேயே பேசினேன்.

"நான் என் அப்பா அம்மாவை இழந்துவிட்டேன்."

அவர் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்போது?" என்றார்.

"பத்து நிமிடம் முன்னால்."

"இருவரையுமா?"

"ஆமாம். இந்த ரயிலில்தான்."

அவர் பக்கத்து இருக்கையில் மெதுவாக உட்கார்ந்தார். நான் கண்ணாடிக் கதவைக் கை நீட்டிக் காட்டி அழ ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. "இதை நீங்கள் ஆங்கிலத்திலேயே சொல்லியிருக்கலாம்" என்றார் ஆங்கிலத்தில்.

பிறகு யாருக்கோ போன் செய்தார். அரை மணி நேரம் கழித்துத்தான் பதில் போன் வந்தது. கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். "புடவை கட்டிய ஓர் அம்மாவும் ஒருவரும் அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இறங்கியிருக்கிறார்கள். நலமாக இருக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு பெண் குழந்தை காணாமல் போனதாகப் புகார் வந்திருக்கிறதாம். உங்களோடு குழந்தை யாராவது வந்ததா?"

"இல்லை, நாங்கள் மூன்றே பேர்தான்" என்றேன். அந்தக் குழந்தைக்காகவும் சேர்த்துக் கவலைப்பட்டேன்.

இறங்கி, எதிர் ரயில் பிடித்து, பெட்டி பிரிந்த ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து வேறு ரயிலில் மலையேறினேன். ஒன்றரை மணி நேரம். வழியில் நிஜமாகவே இரண்டு ஏரி வந்தது. ஒன்றைக்கூடப் படம் எடுக்கவில்லை.

அந்தக் கிராமத்து ஸ்டேஷன் நம் ஊர் ரேஷன் கடை அளவுதான் இருக்கும். பிளாட்பாரத்துப் பெஞ்சில் அம்மா நடுநாயகமாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் உள்ளூர்ப் பெண்மணிகள். மூவர் கையிலும் புளிசாதம். ஒருத்தி காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேட்டுக் கை நீட்டினாள். அம்மா தமிழிலும் அவர்கள் ஜெர்மனிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாத வகுப்பில் நான் பேசியதைவிட அந்தப் பேச்சு சரளமாக இருந்தது.

நான் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "எங்கடி போய்ட்ட? உங்கப்பா எழுதிக் குடுத்துட்டாரு" என்றாள்.

அப்போதுதான் அப்பா ஸ்டேஷன் மாஸ்டரோடு வெளியே வந்தார். கையில் ஒரு தாள். ஆங்கிலத்தில், அரசாங்க முறைப்படி, ஓரம் விட்டு எழுதிய மனு. அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'பொருள்: காணாமற்போன மகளைக் கண்டுபிடித்துத் தரக் கோருதல் தொடர்பாக. மதிப்பிற்குரிய ஐயா, மேற்படி மகள் வயது 26, நிறம் மாநிறம், பச்சை ஸ்வெட்டர் அணிந்தவர். அடையாளம்: இடது முழங்காலில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. குணம்: யார் பேச்சையும் கேட்பதில்லை. ஜெர்மன் தெரிந்ததுபோல் பேசுவார், நம்ப வேண்டாம்.'

கீழே கையெழுத்து. அதற்கும் கீழே, 'நகல்: இம்மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு.' ஸ்டேஷன் மாஸ்டர் தேதியோடு ரயில்வே முத்திரை வேறு குத்திக் கொடுத்திருந்தார். அவர் என் ஸ்வெட்டரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார்.

"நான் எங்கப்பா காணாம போனேன்? நீங்கதான காணாம போனீங்க?" என்றேன்.

"நாங்க உக்காந்த எடத்துலயேதான் உக்காந்திருந்தோம்" என்றார் அப்பா. "அரை மணி நேரம் உன்னக் காணோம். எட்டிப் பாத்தா முன்னாடி இருந்த ரயிலையே காணோம். அதான் இறங்கிட்டோம். ரயிலுக்கு மனு போட முடியாது, அது அவங்க சொத்து. உனக்குப் போட்டேன்."

நான்தான் முதலில் சிரித்தேன். அந்தப் பெண்மணிகள் நாங்கள் மூவரும் சிரித்ததைப் பார்த்துத் தாங்களும் சிரித்தார்கள். திரும்பி வரும்போது, ரயில் எவ்வளவு காலியாக இருந்தும், அம்மா என் முந்தானையை, அதாவது ஸ்வெட்டர் நுனியைப் பிடித்துக்கொண்டேதான் வந்தாள்.

மனு ஊருக்கு வந்து, லேமினேட் ஆகி, வேங்கிக்கால் வீட்டு ஹால் சுவரில் ஏறியது. மறு வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதன் நேர் எதிரே உட்கார நேர்ந்தது. மாப்பிள்ளை பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து போய் முழுவதையும் படித்தார். 'குணம்' என்ற வரியை மட்டும் இரண்டு முறை படித்தார்.

"சார், ஆளு கெடச்சாச்சுன்னு இதுல எழுதவே இல்லியே" என்றார் அப்பாவிடம். "அப்ப இது இன்னும் நிலுவைலதான இருக்கு?"

முப்பது வருஷ சர்வீஸில் அப்பா முகம் அப்படிச் சிவந்து யாரும் பார்த்திருக்க முடியாது. உடனே மார்க்கர் பேனா தேடி, லேமினேட் மேலேயே எழுதினார்: 'நபர் கிடைக்கப்பெற்றார். மேல்நடவடிக்கை மாப்பிள்ளை வசம்.'

கல்யாணம் ஆகிவிட்டது. மார்க்கெட்டுக்குப் போய்ப் பத்து நிமிடம் தாமதமாக வந்தாலும் என் கணவர் எங்கே போனாய் என்று கேட்பதில்லை. வாசலிலேயே நின்று என் இடது முழங்காலைக் காட்டச் சொல்கிறார்.